மூன்றாவது துளை

தேவராஜ் இறந்த செய்தி வந்தபோது என் இரண்டு கைகளிலும் ரெசின் அப்பியிருந்தது. பீன்யா தொழிற்பேட்டையில் எங்கள் ஃபைபர் கிளாஸ் பட்டறையில், ஒரு பஸ்ஸின் முன்பக்கத்துக்கான அச்சில் நார்த்துணி விரித்துக்கொண்டிருந்தேன். ரெசினில் அதை இறுக்கும் ஹார்டனரைக் கலந்துவிட்டால் பிறகு அது யாருக்காகவும் காத்திருக்காது. அந்த நேரம் பார்த்துச் செல்போன் அடித்தது. பக்கத்தில் வேலை செய்த பெண் அதை எடுத்து என் காதில் வைத்தாள். பேசியது தேவராஜின் மனைவி சுலோசனா.

"அவரு போயிட்டாரும்மா. காலைல பால் வாங்கப் போனவரு கடை வாசல்லயே உக்காந்துட்டாரு. உங்க நம்பரை நோட்டுல மொதல் பக்கத்துல எழுதி வெச்சிருந்தாரு. அதான் மொதல்ல உங்களுக்குச் சொல்றேன்."

உட்கார்ந்துவிட்டார் என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. தேவராஜ் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. டீ குடித்தாலும் நடந்துகொண்டே குடிப்பார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். வாளியில் இருந்த ரெசின் முழுதும் சூடேறிக் கல்லாகிவிட்டது.

நம் கார்ப் பந்தய மன்றத்தின் மலருக்காக அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். நல்லதாக நாலு வார்த்தை போதும் என்றார்கள். இதை எழுத உட்கார்ந்து இதுவரை ஐந்து முறை எழுந்துவிட்டேன். நல்லதாக நாலு வார்த்தை எழுதினால் அது நான் அவருக்குச் செய்யும் இரண்டாவது துரோகம் ஆகிவிடும். முதலாவதைப் பற்றிச் சொல்லத்தான் மறுபடி மறுபடி வந்து உட்காருகிறேன். பதின்மூன்று வருடங்களுக்கு முன் என் தம்பி பிரபுவின் காலை முறித்தது எங்கள் காரில் தேவராஜ் வைத்த இறக்கை என்று நீங்கள் எல்லோரும் நம்புகிறீர்கள். அது அப்படி இல்லை. எப்படி என்பதை ஒழுங்காகச் சொல்ல முடிகிறதா பார்க்கிறேன்.

அவரை அறியாத புதியவர்களுக்காக: தேவராஜ் ஜோகுபாளையத்துக்காரர். ஐ.டி.ஐ. படித்துவிட்டு, விமான ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் மாதிரி செய்யும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர். என்ஜினியர்கள் காகிதத்தில் வரைந்து தரும் விமானத்தை இவர் மரத்தில் கை நீளத்துக்குச் செதுக்கிக் கொடுப்பார். அதைக் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்தி, காற்றை விட்டுச் சோதிப்பார்கள். அவருடைய உளியும் அரமும் போகாத வளைவு இல்லை.

நாங்கள் தொம்மலூர்க்காரர்கள். அப்பா போன பிறகு பட்டறை என் தலையில் விழுந்தது. பிரபு என்னைவிட ஆறு வயது சின்னவன், பந்தயப் பைத்தியம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒயிட்ஃபீல்டில் ஒரு பெரியவரின் கொட்டகையில் கோழிகள் குடியிருந்த பழைய பந்தய கார் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். ஒற்றை இருக்கை, திறந்த சக்கரங்கள், சுருட்டு மாதிரி நீண்ட உடம்பு. அறுபதுகளில் இந்த ஊரிலேயே யாரோ ஆசைப்பட்டுக் கட்டியது. அதற்கு உடம்பு மாற்ற வேண்டும், வடிவம் செதுக்க ஓர் ஆள் வேண்டும் என்று விசாரித்தபோது தேவராஜைக் காட்டினார்கள்.

வந்த முதல் நாள் அவர் காரை வலமாகச் சுற்றினார், பிறகு இடமாகச் சுற்றினார். குனிந்து வயிற்றுப் பக்கம் பார்த்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. கோயில் பிரகாரமா இது, சுற்றிக்கொண்டே இருக்கிறீர்களே என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார்.

மறுநாள் கையில் ஒரு துணிப்பையோடு வந்தார். உள்ளே நான்கு துணி சோப்புக் கட்டிகள், நீல நிறத்தில். ஒவ்வொன்றையும் ஒரு காராகச் செதுக்கியிருந்தார். மர மாதிரிக்கு நேரம் எடுக்கும் என்பதால் வீட்டு சோப்பில் கை வைத்துவிட்டார். துவைக்க சோப்பு இல்லாமல் சுலோசனா திட்டித் தீர்த்ததை அவரே பெருமையாகச் சொன்னார். நான்கையும் வேலைமேசையில் வரிசையாக நிறுத்தினார். ஐம்பது, அறுபதுகளின் சுருட்டு வடிவம் ஒன்று. வாலில் சின்னதாக ஒரு மடிப்பு எழும்பி நிற்பது ஒன்று. முதுகில் கட்டில் கால் மாதிரி உயரமாகக் குச்சிகள் வைத்து, அதன்மேல் பலகை போல இறக்கை ஏந்தியது ஒன்று. கடைசியது ஆப்பு மாதிரி மூக்கு சப்பையாகி, வயிறு குடைந்து, பக்கவாட்டில் தரையைத் தொடும் பாவாடை கட்டியது.

"மொதல்ல எல்லாரும் காத்தைக் கிழிச்சிக்கினு போவணும்னுதான் பாத்தாங்க. அதான் இந்தச் சுருட்டு. வழவழன்னு இருந்தா வேகமா போவும், வாஸ்தவம்தான். ஆனா வேகம் ஏற ஏற வண்டி லேசாயிடும், தரைய விட்டு எழும்பப் பாக்கும். அப்புறந்தான் ஒருத்தனுக்குத் தோணிச்சு, பிளேனை மேல தூக்கற இறக்கைய கவுத்து வெச்சா வண்டிய கீழ அழுத்துமேன்னு."

அதற்குப் பிறகு கார் வளைவில் வழுக்குவது குறைந்தது என்றார். நேர்ச்சாலையில் ஜெயித்தவர்களை வளைவில் ஜெயிக்க ஆரம்பித்தார்கள். உயரக் குச்சிகள் ஓட்டத்தின் நடுவிலேயே முறிந்து விழுந்ததால் இறக்கையைத் தாழ்த்தச் சொல்லிச் சட்டம் வந்தது. சட்டம் மேலே கையை வைத்ததும், இவர்கள் கீழே போனார்கள். காரின் வயிற்றையே கவிழ்த்த இறக்கையாக்கி, பாவாடை கட்டி, தரையோடு உறிஞ்ச வைத்தார்கள். பாவாடை ஓரிடத்தில் தூக்கிக்கொண்டால் பிடி மொத்தமாக விட்டுப்போகும் என்பதால் அதற்கும் தடை வந்தது. இவ்வளவையும் சொல்லும்போது அவர் மேசைக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருந்தார். எஞ்சின் மாறியதை எல்லோரும் பேசுகிறார்கள், காரின் முகத்தையே மாற்றியது காற்று என்று யாரும் சொல்வதில்லை என்பது அவருடைய ஆதங்கம். பிரபு வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். நானும்தான்.

நம் பழைய சுருட்டில் அந்த முப்பது வருடத்தையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கலாம் என்றார். செய்தோம். முதல் வருடம் வாலில் மடிப்பு வைத்தோம். அடுத்த வருடம் பின்னால் ஓர் இறக்கை. அவர் மரத்தில் வடிவம் செதுக்குவார், நான் அதிலிருந்து அச்செடுத்து ஃபைபரில் வார்ப்பேன். பட்டறை மூலையில் பிளைவுட் பெட்டியில் ஒரு பெரிய மின்விசிறியைப் பொருத்தி, காற்று நேராக வருவதற்காகக் குளிர்பானக் குழாய்களை நூற்றுக்கணக்கில் கட்டுக்கட்டாக அடுக்கி, ஒரு சின்னக் காற்றுச் சுரங்கமே கட்டினார். புகைக்கு ஊதுபத்தி. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் நாங்கள் தினமும் பூஜை செய்வதாக நினைத்துக்கொண்டார்கள்.

ஆனால் அவர் கடைசியில் நம்பியது நூலைத்தான். எந்த மாற்றம் செய்தாலும், சுலோசனா ஸ்வெட்டர் பின்ன வைத்திருக்கும் சிவப்புக் கம்பளி நூலை நான்கு விரல் நீளத்துக்கு வெட்டி, காரின் உடம்பு முழுக்க ஒரு முனையை மட்டும் டேப்பால் ஒட்டுவார். ஊருக்கு வெளியே பாழாய்க் கிடந்த ஒரு பழைய ஓடுபாதைக்குப் போவோம். பிரபு காரை ஓட்டுவான். நான் ஸ்கூட்டரில் பக்கத்திலேயே போவேன். இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் எழுந்து நின்று நூல்களைப் பார்ப்பார். நூல் படிந்து கிடந்தால் காற்று அங்கே உடம்போடு ஒட்டிப் போகிறது. கூத்தாடினால் காற்று பிய்த்துக்கொண்டுவிட்டது. "நூல் ஒட்டாம எதையும் மாத்தாதே" என்பது அவர் எங்களுக்கு வைத்த ஒரே சட்டம்.

மூன்றாம் வருடம் மூக்கின் இரு பக்கமும் இரண்டு சின்ன இறக்கைகள் வந்தன. மீசை என்று பெயர் வைத்தோம். பின் இறக்கை வாலை அழுத்தும்போது, தராசுத் தட்டு போல மூக்கு மேலே கிளம்பும். அதைக் கீழே பிடித்து வைப்பதுதான் மீசையின் வேலை. மூக்கில் பிடிப்பு இல்லாவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே போகும். ஒவ்வொரு மீசையையும் பிடிக்கும் அலுமினியத் தகட்டில் மூன்று துளைகள் போட்டிருந்தார். முதல் துளையில் போல்ட் போட்டால் மீசை ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். மூன்றாவதில் போட்டால் நன்றாகச் சாய்ந்து நின்று காற்றை வாங்கும். முன்னால் ஒரு துளை மாற்றினால் பின்னாலும் மாற்ற வேண்டும், தனியாக ஒன்றைத் தொடக் கூடாது என்பார்.

விமானப் பழக்கத்தில் அவர் பின் இறக்கையின் போல்ட்டுகளில் எல்லாம் மெல்லிய கம்பி கோத்து முறுக்கிப் பூட்டியிருந்தார், அதிர்வில் கழன்று விடாமலிருக்க. மீசையின் போல்ட்டுகளுக்கு மட்டும் கம்பி கிடையாது. லாரியில் ஏற்றும்போது மீசை பக்கப் பலகையில் இடிக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றி, பந்தயத் தடத்துக்குப் போனபின் மாட்டுவோம். அது எப்போதும் என் வேலை.

அந்தப் பந்தயம் சென்னைக்குப் பக்கத்தில் நடந்தது. தேவராஜுக்குச் சனிக்கிழமை டியூட்டி. ஞாயிறு காலை ரயிலில் வருவதாகச் சொன்னார். நாங்கள் லாரியில் கிளம்பும்போது, மூன்றாவது துளை, மறக்காதே என்று என்னிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். சனிக்கிழமை போனதும் மூன்றாவது துளையில்தான் மாட்டினேன். பயிற்சி ஓட்டத்தில் பிரபு வளைவுகளில் எல்லோரையும் பிடித்தான். நேர்ச்சாலையில் ஒரு கோயம்புத்தூர்க் கார் அவனை ஒவ்வொரு சுற்றிலும் தாண்டிப் போனது. ஸ்டாப்வாட்ச் என் கையில் இருந்தது. சாயங்காலம் பிரபு சாப்பிடவில்லை. இந்த வருடமும் இரண்டாவதுதான் என்றான்.

எனக்கு அது பொறுக்கவில்லை. பொறுமை என்பது எனக்கு என்றைக்குமே கிடையாது. பட்டறையில் கேட்டால் சொல்வார்கள். ஞாயிறு காலை, பயிற்சி எல்லாம் முடிந்து, பிரபு ஹெல்மெட் மாட்டப் போயிருந்த நேரத்தில், ஸ்பானரை எடுத்து இரண்டு மீசைகளையும் முதல் துளைக்கு மாற்றினேன். காற்றைக் குறைவாக வாங்கினால் நேர்ச்சாலையில் கால் விநாடி கிடைக்கும் என்பது என் கணக்கு. பின்னாலும் மாற்ற வேண்டும் என்று தெரியும். பின்னால் கம்பி முறுக்கியிருந்தது. அதை அறுக்க நேரம் இல்லை. நூல் ஒட்டவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. நான்கு போல்ட், ஐந்து நிமிடம்.

தேவராஜ் ஓடி வந்தபோது கார்கள் வரிசையில் நின்றுவிட்டன. வழக்கம் போல வேகமான வலது வளைவின் வேலிக்குப் போய் நின்றுகொண்டார். முதல் சுற்றில் பிரபு நேர்ச்சாலையில் கோயம்புத்தூர்க் காரைத் தாண்டினான். நான் குதித்தேன் என்பதை எழுத எனக்கு இப்போது கூசுகிறது. அந்த வளைவில் அவன் ஸ்டியரிங்கைத் திருப்பினான். கார் திரும்பவில்லை. நேராகப் போய் மண்மேட்டில் மோதியது.

பிரபுவை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு, உடைந்த துண்டுகளைப் பொறுக்கியது நானும் தேவராஜும்தான். மண்ணிலிருந்து ஒரு மீசைத் தகட்டை எடுத்தார். எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் துடைத்தார். முதல் துளையைச் சுற்றி வாஷர் அழுத்திய வட்டம் புதிதாகப் பளபளத்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அவர் தகட்டைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் மன்றத்துக் கூட்டத்தில் அவரை நிற்க வைத்துக் கேட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஏரோப்ளேன் ஆளுக்குக் கார் என்ன தெரியும் என்று ஒருவர் கேட்டார். "என் கணக்குதான் தப்பாயிடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வெளியே போனார். நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் அம்மா, அந்த ஆள் இனி நம் வாசலை மிதிக்கக் கூடாது என்றாள்; சாகும்வரை அப்படித்தான் சொன்னாள். நான் அதையும் கேட்டுக்கொண்டு இருந்தேன். பிரபுவின் வலது கணுக்கால் இன்றும் மடங்காது. தேவராஜை அதன்பின் யாரும் ஒரு காரைத் தொடக் கூப்பிடவில்லை. மன்றத்தில் எது சொதப்பினாலும், மைக் வேலை செய்யாவிட்டாலும், "தேவராஜ் இறக்கை" என்று கிண்டல் செய்யும் வழக்கம் வந்தது. அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை. ஒன்றிரண்டு தடவை சேர்ந்து சிரித்தும் இருக்கிறேன்.

இடையில் ஒரே ஒரு தடவை சொல்லப் போனேன். ஏழெட்டு வருடம் கழித்து, அல்சூர் மார்க்கெட்டில் அவரைக் கீரைக்கட்டோடு பார்த்தேன். நின்று பேச மாட்டார் என்பதால் கூடவே நடந்தேன். "அண்ணா, அன்னிக்கு மீசைய..." என்று ஆரம்பித்தேன். அவர் நடையை நிறுத்தினார். எனக்குத் தெரிந்து, நடந்துகொண்டிருந்தவர் பாதியில் நின்றது அப்போதுதான்.

"விடும்மா. எனக்குச் சொல்லி இன்னா பண்ணப் போற? எனக்குத் தெரியும். தெரியாதவனுக்குச் சொல்லு."

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கீரையில் பாதியை என் பையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கே பிரபுவிடம் சொல்லியிருக்க வேண்டும். அவனுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள், அது முடியட்டும் என்றேன். குழந்தை பிறந்தது, அது வளரட்டும் என்றேன். காரணத்துக்கா பஞ்சம்?

ஜோகுபாளையம் வீட்டில் புத்த முறைப்படி பஞ்சசீலம் சொல்லி அவரை எடுத்தார்கள். எல்லோரும் போன பிறகு சுலோசனா அவருடைய கருவிப் பெட்டியிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து, இது உங்க வண்டியோடதுன்னு சொல்லுவாரு என்று கொடுத்தார். அந்த அலுமினியத் தகடு. இரண்டு துளைகள்தான் இருந்தன. நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முதல் துளையில் அதே அலுமினியத்தில் ஆணி செய்து இறக்கி, அரம் போட்டு, எமரித்தாளால் தேய்த்துச் சமமாக்கியிருந்தார். வாஷர் வட்டமும் இல்லை. யார் எடுத்துப் பார்த்தாலும் அந்த மீசை முதல் துளையில் இருந்ததே கிடையாது. விமானக்கூடத்தில் செய்யும் நுணுக்கமான வேலையை, என்னைக் காப்பாற்ற, யாருக்கும் தெரியாமல் செய்திருக்கிறார். அங்கே நான் அழுத அழுகையைச் சுலோசனா சாவுக்கான அழுகை என்று நினைத்துத் தேற்றினார்.

அன்று மாலையே பிரபுவிடம் சொன்னேன். தகட்டை அவன் கையில் வைத்தே சொன்னேன். வெகுநேரம் தன் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"போன வருஷம் அல்சூர் சிக்னல்ல அவரு என்னைப் பாத்துக் கையத் தூக்கினாருக்கா," என்றான். "நான் கண்ணாடிய ஏத்திட்டேன்."

அதன் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. இன்றோடு பத்து நாள் ஆகிறது. பேசும்போது பேசட்டும். காலை நான் அவனுக்குத் திருப்பித் தர முடியாது, அந்தக் கண்ணாடியையும் இறக்க முடியாது.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை: பாதி கரைந்த ஒரு சோப்புக் கார், சிவப்பு நூல் உருண்டை ஒன்று, எதையும் சோதிக்காமல் நம்பக் கூடாது என்ற பயம். பிறகு இந்தத் தகடு. நேற்று பட்டறையில் அதை வைஸில் மாட்டி, டிரில்லைப் பிடித்து, அவர் அவ்வளவு அழகாக அடைத்திருந்த முதல் துளையை மறுபடி திறந்துவிட்டேன். அவர் வேலையை நான் கெடுத்தது இது இரண்டாவது தடவை. இதற்கு அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

இரங்கல் கூட்டத்தில் அவர் படத்துக்குக் கீழே அதை மாட்டி வைக்கப் போகிறேன். நம் மன்றத்தில் இனி ஏதாவது சொதப்பினால், தேவராஜ் இறக்கை என்று சொல்ல வாய் வந்தால், எழுந்து போய் அந்த முதல் துளையைப் பாருங்கள். அதைத் தேர்ந்தெடுத்தவள் நான், மல்லிகா. அவர் சொன்னது மூன்றாவது.